ஜெபக்குறிப்பு என்ற பெயரில்

திருநகர், மதுரை

அன்புத் தம்பி பாக்கியநாதனுக்கு, அக்கா சுகிர்தம் எழுதுவது.

இன்று 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஐந்தாம் தேதி. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைக் காட்டி, "எண்பதைத் தாண்டிய நம் தாயார்" என்றார். தாயார் என்றதைப் பொறுத்துக்கொண்டேன். எண்பதைப் பொறுக்க முடியவில்லை.

அவர் அப்படி அறிவித்தது ஒரு வேலையைத் தலையில் கட்டுவதற்காக. கைபேசியும் கிறிஸ்தவக் குடும்பமும் என்ற பொருளில் ஒரு சிறு வழிகாட்டி நூல் எழுத வேண்டுமாம். குருத்தோலை ஞாயிறன்று வெளியீடு. முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறு கற்பித்தவளுக்கு நாற்பது பக்கம் எழுதுவது பெரிதல்ல, ஒத்துக்கொண்டேன். அரைமனதோடு அல்ல. கண் வழியே உள்ளே போனது எளிதில் வெளியேறுவதில்லை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பார்த்து முடித்தபின் எதைப் பற்றிக் கடவுளிடம் பேசக் கூசுகிறோமோ, அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. இதுதான் முதல் விதி.

விலக்கச் சொல்கிற ஒன்றைக் கண்ணால் காணாமல் எழுதுவது நேர்மையன்று. ஆகவே மாடியில் குடியிருக்கும் தமிழ்வாணி என்ற கல்லூரி மாணவியிடம் சொல்லி, இன்ஸ்டாகிராமில் எனக்கும் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறேன். உன் காது கேளாமை எப்படி இருக்கிறது? கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். குறைய அது என்ன காய்ச்சலா? லில்லியின் சர்க்கரை அளவை எழுது. எனக்கு முழங்கால் மட்டும்.

உன் யோசனைகளை அனுப்பு. கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக.

சுகிர்தம்

---

நாக்பூர்
14 பிப்ரவரி 2024

அக்காவுக்குத் தம்பியின் ஸ்தோத்திரம்.

நானும் லில்லியும் சுகம். அவள் சர்க்கரை அவள் பேச்சில் மட்டும் இறங்கியிருக்கிறது. என் காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் கார்டு வேலை பார்த்தவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே பென்ஷன் அது என்று வைத்துக்கொள். உன்னோடு போனில் பேச முடியாததும் ஒருவகையில் நல்லதுதான். கடிதத்தில் நீ திட்டினால் இரண்டாம் முறை வாசிக்காமல் மடித்துவிடலாம்.

ஆபாசத்தைப் பற்றி ஆராய்ச்சி பண்ண எழுபத்தெட்டு வயசு அம்மாளை நியமித்த சபை உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். நீ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதை நினைத்துச் சிரித்தேன். லில்லி என்னவென்று கேட்டாள். சொன்னேன். "உங்க அக்கா மார்க் போட்டுருப்பாங்களே" என்றாள்.

யோசனை கேட்டாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாம் பார்ப்பதை நிறுத்துவது பெரிய காரியமில்லை. அடுத்தவன் என்ன பார்க்கிறான், எப்படி ஆடுகிறான் என்று எட்டிப் பார்ப்பதை நிறுத்துவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு விதி போடு. எம்புட்டுப் பேர் அதைக் கைக்கொள்ளுகிறார்கள் என்று பார்ப்போம்.

முழங்காலுக்கு வென்னீர் ஒத்தடம் கொடு. தேவ கிருபை உன்னோடிருக்கட்டும்.

பாக்கியநாதன்

---

திருநகர், மதுரை
28 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவரின் சுகம் அறிந்து ஸ்தோத்திரம் சொன்னேன். உன் யோசனையை ஒன்பதாம் விதியாகச் சேர்த்திருக்கிறேன். லில்லியின் பேச்சைச் சேர்க்கவில்லை.

இங்கே ஒரு சங்கடம் நேர்ந்திருக்கிறது. சபையில் பவதாரிணி என்று ஒரு பெண், வயது இருபத்து நான்கு. ஸ்கேன் சென்டரில் வேலை. ஞாயிறுகளில் சிறுபிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். தகப்பன் மலையாண்டி, மின்வாரியத்தில் லைன்மேன். திருவாதவூர்க்காரர். இருபது ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். "எங்க ஆத்தா வச்ச பேரு, அதுல ஏசுவுக்கு என்ன கோவம்?" என்று அப்போதே கேட்டவர். நம்மைப் போன்ற நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள் அந்தக் கேள்வியை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பெண் தன் அறையில் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடிய காணொளி ஒன்று எங்கள் பெண்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. முப்பத்திரண்டு விநாடி. கையில்லாத பனியன், முழங்கால் வரை கால்சட்டை, இடுப்பை வளைத்து வளைத்து ஓர் ஆட்டம். ஒரு நீதிபதி இதில் ஆபாசம் இல்லை என்று தீர்ப்பளிக்கலாம். திருவிருந்தில் பங்குபெறும் பெண்ணுக்கு இது ஆகாது என்பது என் தீர்ப்பு.

ஜெபக்குறிப்பு என்ற தலைப்போடு அது வந்தது. இந்த வழக்கம் உனக்குத் தெரியாது. நீ போன பிறகு ஏற்பட்டது. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதை, நோயோ தேர்வோ மகனின் குடியோ, ஜெபச் செயலாளர் ரஞ்சிதக்கனியிடம் தனியே தெரிவிக்க வேண்டும். அவள் அதைக் குழுவில் இடுவாள். குறிப்பைக் கொடுத்தவர் பெயரை வெளியிடமாட்டாள். அது ஒழுங்கு.

சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் இருபது பெண்கள். "எல்லாரும் கண்ணை மூடுங்க, அந்தப் பிள்ளைக்காக ஜெபிப்போம்" என்றாள் ரஞ்சிதக்கனி.

"இருங்கக்கா," என்றது பின்வரிசை. "மூடுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துக்கிடுறேன். எதுக்கு ஜெபம் பண்ணுறோம்னு தெரிய வேண்டாமா?"

"ஏட்டி, சத்தத்தைக் குறைச்சு வையி. பாட்டு வெளிய கேக்குது."

"பாட்டு நல்லாத்தான இருக்கு?"

ஜெபம் முடிவதற்குள் அது இரு கணவர்களின் கைபேசிக்குப் போய்விட்டது. ஞாயிறு மதியம் திருவாதவூரில் மலையாண்டியின் பங்காளிகள் பார்த்தார்கள். "வேதத்துக்குப் போன பிள்ள ஆடுற ஆட்டத்தைப் பாரு" என்று அவர்கள் சிரித்ததாகக் கேள்வி. ஒத்தக்கடையில் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் இப்போது பேசுவதில்லை.

நூலில் முப்பது பக்கம் முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவர் காப்பாராக.

சுகிர்தம்

---

நாக்பூர்
8 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை லில்லிக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை ஆடியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் கால் சும்மா இருக்குமா? ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. காணொளி குழுவுக்கு "வந்தது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். கால் முளைத்தா வந்தது? வரலாறு படித்தவள் நீ. ராஜா படையெடுத்தான் என்றுதானே எழுதுவாய், படை வந்தது என்று விடமாட்டாயே. ரஞ்சிதக்கனியிடம் யார் கொடுத்தார்கள்?

பதில் எழுது. லில்லி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்.

தேவன் உன்னை நடத்துவாராக.
பாக்கியநாதன்

---

திருநகர், மதுரை
16 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமே. வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

செவ்வாயன்று சேகரக் கமிட்டி கூடியது. பதினோரு உறுப்பினர்களில் நானும் ஒருத்தி. பவதாரிணியையும் தகப்பனையும் அழைத்திருந்தார்கள். அவளை நிற்கச் சொல்லவில்லை. ஆனால் யாரும் நாற்காலி காட்டவும் இல்லை. நின்றாள்.

"பொதுவெளியில இப்படி ஆடலாமாம்மா?" என்றார் போதகர்.

"பொதுவெளியில ஆடல ஐயா. என் கணக்கு பூட்டுன கணக்கு. நான் சேத்துக்கிட்டவங்க மட்டும்தான் பாக்க முடியும். நாப்பத்தோரு பேர். எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்க முன்னாடி ஆடலாமா?" என்றார் பொருளாளர்.

"கல்யாண வீட்டுல நீங்ககூட ஆடுனீங்களே அங்கிள்."

மலையாண்டி மகளின் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு அவர் கேட்டார்: "எம்மக செஞ்சது தப்புன்னே வைங்க. அதை எடுத்து ஊர்பூரா விட்டது ஆரு? அவுகளையும் இங்கன கூப்புடுங்க." ரஞ்சிதக்கனி தலைகுனிந்தபடி, ஜெபக்குறிப்பு கொடுத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஒழுங்கு என்றாள். கமிட்டி அதை ஏற்றது. போதகரும் ஏற்றார். யாரும் மறுக்கவில்லை.

தீர்மானம் இது: குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிவில் அவள் சபைமுன் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையேல் திருவிருந்து இல்லை. ஓய்வுநாள் பள்ளியும் இல்லை.

மறுநாள் மலையாண்டி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், வாசற்படியோடு நின்றுகொண்டார். "டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. அம்புட்டுப் பேருலயும் உங்களைத்தான் நம்புறேன். விட்டது ஆருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. சண்டைக்குப் போகமாட்டேன். அவுக மூஞ்சியை ஒருவாட்டி பாக்கணும், அம்புட்டுத்தான்."

பார்க்கிறேன் என்றேன்.

நூல் அச்சுக்குப் போய்விட்டது. லில்லிக்கு என் அன்பு.

சுகிர்தம்

---

நாக்பூர்
22 மார்ச் 2024

அக்கா,

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அந்த நாற்பத்தோரு பேரில் நீ ஒருத்தியா? ஆம், இல்லை என்று ஒரு வரி போதும். இதை அஞ்சலட்டையில் எழுதக் காரணம், உறை பிரிக்கும் நேரத்தில் நீ வேறு பதில் யோசித்துவிடக் கூடாது என்பதுதான்.

பாக்கியம்

---

திருநகர், மதுரை
20 ஏப்ரல் 2024

தம்பிக்கு,

ஒரு வரிக்கு நான்கு வாரம் எடுத்துக்கொண்டேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் நெருங்குவதால் பஸ் கிடைப்பதில்லை, அஞ்சல் நிலையம் போக முடியவில்லை என்று எழுதலாம். அஞ்சல் பெட்டி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

ஆம்.

இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கியதும் சபையின் இளைஞர்களைத் தேடிப் பார்த்தேன். பவதாரிணியின் கணக்கு பூட்டியிருந்தது. சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தேன். ஐந்து நிமிடத்தில் சேர்த்துக்கொண்டாள். "டீச்சர்! நீங்களுமா! ரொம்ப சந்தோஷம்" என்று எழுதி ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தாள். மற்றவர்கள் கதவையே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஆட்டம் வந்தது. வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டு அகப்பட்டது என்று மகிழ்ந்தேன். அதுதான் என் மனத்தில் முதலில் தோன்றியது, வருத்தம் தோன்றவில்லை. பிழையின்றி விவரிக்க வேண்டும் என்ற சாக்கில் நான்கு முறை பார்த்தேன். நான்காம் முறை விவரிப்பதற்காகப் பார்க்கவில்லை. அவள் நன்றாக ஆடினாள்.

திரையைப் பதிவு செய்யும் வித்தையைத் தமிழ்வாணி ஏற்கெனவே கற்றுத்தந்திருந்தாள். பதிவு செய்து ரஞ்சிதக்கனிக்கு அனுப்பினேன். "இவளுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கவும்" என்று கீழே எழுதினேன். அவள் பெயரை மட்டும் கொடுத்திருந்தாலும் ஜெபித்திருப்பார்கள். படத்தையும் சேர்த்து ஏன் கொடுத்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கண்டுபிடித்தவள் நான் என்பது அந்த ஒருத்திக்காவது தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

குருத்தோலை ஞாயிறன்று அவள் நின்றாள். பிள்ளைகள் ஓலைச் சிலுவைகளைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் ஆசிரியையைப் பார்த்தார்கள். "என்னால சபைக்கு வருத்தம் வந்திருந்தா மன்னிச்சிருங்க" என்றாள். அவ்வளவுதான். நான் முதல் வரிசையில், நூல் வெளியீட்டுக்காகப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கியதும் என்னை ஏற்றினார்கள். இருநூறு பிரதிகளும் தீர்ந்தன. ஒன்பதாம் விதி மிக நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள்.

வேறு விசேஷமில்லை. லில்லிக்கு இக்கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டாம்.

சுகிர்தம்

---

நாக்பூர்
1 மே 2024

அக்கா,

லில்லிக்கு வாசித்துக் காட்டிவிட்டேன்.

நான் கோபத்தில் எழுதுகிறேன். அடித்துத் திருத்தவும் போவதில்லை. அந்தப் பிள்ளை நின்ற இடம் எனக்குத் தெரியும். பலிபீடத்துப் படிக்கு இடப்பக்கம், சிவப்புத் தரையில் ஒரு கல் பெயர்ந்திருக்கும். இப்போது மாற்றியிருப்பார்கள். 1969 மே மாதம் அதே இடத்தில் இருபது வயதில் நான் நின்றேன். மேட்னி ஷோ சினிமாவுக்குப் போனதற்காக. வேதசாஸ்திரக் கல்லூரியில் இடம் கிடைத்து, பேராயரின் கடிதமும் வந்து, பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா உபதேசியார், மகனுக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயமா என்று அவரே என்னைக் கமிட்டிக்குக் கூட்டிப்போனார். கல்லூரி இடம் போயிற்று. நான் போதகராகவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி பிடித்தேன்.

படம் பார்த்தது தப்பில்லை என்று நான் வாதாடவில்லை. அந்த வயதில் நானும் அது தப்பு என்றுதான் நம்பினேன். நின்றது நியாயம் என்றே நினைத்தேன். ஆறாதது வேறு. யார் சொன்னது என்று அப்பா சாகும்வரை சொல்லவில்லை. கொட்டகையில் சீட்டுக் கிழித்தவரா, பெட்டிக்கடைக்காரரா, என் சிநேகிதனா, பாடகர் குழுவில் எவனாவதா? ஒருவர் என்று தெரிந்திருந்தால் அந்த ஒருவரை மன்னித்திருப்பேன். தெரியாததால் ஊர் முழுவதையும் மன்னிக்க முடியாமல் போய்விட்டது. அப்பாவின் அடக்கத்தில்கூட ஆலயத்துக்குள் வராமல் வாசலில் நின்றேன். கை கொடுத்த ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து, நீயா, நீயா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளைக்கும் அதைச் செய்துவிடாதே. அவள் தகப்பன் உன்னிடம் கேட்டது ஒரு முகம். அதைக் கொண்டுபோய்க் காட்டு.

தம்பி

---

திருநகர், மதுரை
12 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தின்மேல் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். முழங்காலைக் காரணம் சொல்லப்போவதில்லை.

சென்ற சனிக்கிழமை மாலை திருப்பரங்குன்றத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஆட்டோ நுழையாது, நடந்தேன். மலையாண்டி வேலை உடுப்போடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சரம்மா, ஆருன்னு தெரிஞ்சுருச்சா?" என்று எழுந்தார்.

"நான்தான்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "காப்பி போடச் சொல்லட்டா?" என்றார். என்னால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

பவதாரிணி உள்ளிருந்து வந்தாள். "எனக்குத் தெரியும் டீச்சர்."

"எப்போதிலிருந்து?"

"கமிட்டியிலயே. பாக்கி நாப்பது பேரும் என் வயசு. அவங்க யாரும் ஜெபக்குறிப்புன்னு போடமாட்டாங்க. நாப்பத்தோரு பேர்னு சொல்றப்ப உங்களைத்தான் பாத்தேன். நீங்க பேனா மூடியைத் தேடிக்கிட்டு இருந்தீங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மன்னித்துவிடு என்றேன். அவள் அவசரப்படவில்லை. "இங்க வந்து சொன்னது எங்க அப்பாவுக்குப் போதும் டீச்சர். எனக்குப் பத்தாது. நான் எங்க நின்னேனோ அங்கன வந்து சொல்லுங்க. பிள்ளைங்க இருக்கணும்." காப்பி வந்தது. குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்கள், எனக்குப் பிடிக்காது, குடித்தேன்.

போதகரிடம் போனேன். "அம்மா, அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம். இப்ப நீங்க எந்திரிச்சு நின்னா சபைக்கு இடறல். புஸ்தகம் வேற ரெண்டாம் பதிப்புக்குப் போயிருக்கு" என்றார். இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஜூலை ஏழாம் தேதி திருவிருந்து ஞாயிறு. அன்று அறிவிப்புகளுக்குப் பின் எழுந்து நிற்பேன் என்று சொல்லி வந்தேன். அனுமதி கேட்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது. ஜெபித்துக்கொள்.

சுகிர்தம்

---

நாக்பூர்
20 ஜூன் 2024

என் அன்பு அக்காவுக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்.

லில்லி அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்பவும் வேண்டாம்.

நான் வாரேன். லில்லியால் இம்புட்டு தூரம் ரயிலில் உட்கார முடியாது, தனியாகத்தான் வாரேன். வியாழக்கிழமை நாலாம் தேதி இங்கே வண்டி ஏறுகிறேன். சனிக்கிழமை காலை மதுரை. மறுநாள் ஆலயத்தில் உன் பக்கத்தில் உட்காருவேன். ஐம்பத்தைந்து வருஷமாக அந்த வாசற்படி தாண்டாதவன், என் அக்கா எழுந்து நிற்பதைப் பார்க்கத் தாண்டுகிறேன். கால் நடுங்கினால் என் தோளைப் பிடித்துக்கொள். நீ பேசுவது எனக்குக் கேட்காது. பரவாயில்லை, என்ன பேசுவாய் என்று தெரியும்.

அன்றைக்கு என்னைப் பற்றிச் சொன்னவர் யாரோ, அவர் எழுந்து நிற்கவில்லை. நம் வீட்டில் ஒருத்தி நிற்கிறாள். அது எனக்கு எம்புட்டுப் பெரிய ஆறுதல் என்று வந்து சொல்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள். கர்த்தருக்குச் சித்தமானால் சனிக்கிழமை சந்திப்போம்.

உன் தம்பி பாக்கியம்

---

திருநகர், மதுரை
1 ஜூலை 2024, விரைவு அஞ்சல்

தம்பி பாக்கியநாதனுக்கு,

இக்கடிதம் புதன்கிழமை உன் கையில் கிடைத்துவிடும் என்று அஞ்சல் நிலையத்தில் உறுதி சொன்னார்கள். வியாழக்கிழமை வண்டி ஏறுவதற்குமுன் முழுவதையும் வாசி. வாசித்தபின் ஏறுவதும் ஏறாததும் உன் விருப்பம்.

நேற்றே நின்றுவிட்டேன். ஒரு வாரம் முந்திக்கொண்டேன். அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து, படிக்கு இடப்பக்கம் போய் நின்றேன். கல்லை மாற்றியிருக்கிறார்கள். பவதாரிணியின் காணொளியை எடுத்தவள் நான், கொடுத்தவள் நான், கமிட்டியில் வாய்மூடி இருந்தவளும் நான், அவள் நின்ற நாளில் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தவளும் நான் என்றேன். சங்கத்திலிருந்தும் கமிட்டியிலிருந்தும் விலகுகிறேன் என்றேன். அவள் என்னை நம்பித் திறந்த கதவு அது என்பதையும் சொன்னேன். போதகர் பாட்டு எண்ணை அறிவித்துவிட்டார். யாருக்கும் அந்தப் பாட்டு உடனே வாயில் வரவில்லை.

அவள் கடைசி வரிசையில் தகப்பனோடு இருந்தாள். பாட்டு முடியுமுன் எழுந்து போய்விட்டாள். ஓய்வுநாள் பள்ளிக்குத் திரும்ப வருவாளா என்று தெரியவில்லை. மலையாண்டி மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அதுவே அதிகம்.

ஒரு வாரம் முந்தியதற்குக் காரணம் நீ. உன் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை.

1969இல் உன்னைப் பற்றி அப்பாவிடம் சொன்னது நான்.

கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் கொட்டகை வாசலில் உன்னைக் கண்டதாக அப்பாவிடம் சொன்னேன். "தம்பிக்காக ஜெபம் பண்ணுங்கப்பா" என்றுதான் தொடங்கினேன். என் பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார், சாகும்வரை காத்தார். நீ ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றபோது, உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

பக்தி வைராக்கியத்தால் சொன்னேன் என்று இதுவரை எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் பொய். நான் கொட்டகை வாசலில் இல்லை, உள்ளே இருந்தேன். மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், மூன்றாம் பெஞ்சில். அப்போது நான் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடையாத விரிவுரையாளர், உபதேசியாரின் மகள், இளம்பெண்களுக்குச் சினிமாவின் கேட்டைப் பற்றிப் போதித்துக்கொண்டிருந்தவள். இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். கையில் கலர் பாட்டிலோடு நீ எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாய். என்னைப் பார்த்துவிட்டாய் என்று நினைத்தேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் வாசல் வழியே ஓடினேன். நீ வீடு வந்து வாய் திறப்பதற்குமுன் நான் அப்பாவிடம் முந்திக்கொண்டேன். நீ எதுவும் சொல்லவில்லை. நீ என்னைப் பார்க்கவே இல்லை என்பது மறுநாள் உன் முகத்திலேயே தெரிந்தது. அதன்பின் உண்மையைச் சொல்ல ஒரு மாதம் அவகாசம் இருந்தது. உன் பெட்டியை நான்தான் கடைக்குத் திருப்பிக் கொடுத்து வந்தேன்.

அந்தப் படத்தை நான் அன்று மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகிர்தம்